பனிக்கு முன்னே நசுங்கிய தேசிக்காய்

"கொலை நடந்த இடத்துக்குப் போறம் எண்டு சொன்னியள். அதுக்காகத்தான் லிப்ஸ்டிக்கும் போடாமல் வெளிக்கிட்டனான்," என்றாள் கொறற்றி. "இஞ்ச பாத்தால் செத்துக் கிடக்கிறது ஒரு மெசின்."

ஸ்ரனிஸ்லாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து சுவார்ஸ்வால்ட் மலைக்கு ஏறும் பாதை நெடுக மழை. இடுப்பு வலி, வைப்பர் கிரீச்சிடும் சத்தம், பக்கத்தில் கொறற்றியின் வாய். மூன்றையும் சகித்துக்கொண்டு வந்து சேர்ந்தவருக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது.

துப்பறிவாளர் என்றதும் மழைக்கோட்டும் கூர்மையான பார்வையுமாக ஒருவரைக் கற்பனை செய்கிறவர்கள் ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஐம்பதைத் தாண்டிய மன்னார்க்காரர். மேல்பையில் மூக்குக்கண்ணாடி, கீழ்ப்பையில் வயிற்றெரிவுக்குக் குளிசை. பிழைப்பில் பாதி, சுகமில்லை என்று லீவு போட்டுவிட்டு வேறிடத்தில் வேலை செய்கிறவர்களின் பின்னால் திரிவது. மீதிப் பாதி, மனைவிமாரின் சந்தேகங்கள். கொறற்றி காலையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கைத் துடைப்பாள், மத்தியானத்துக்குப் பிறகு அவருக்கு உதவியாளர். தரையை எவ்வளவு சுத்தமாக வைப்பாளோ வாயை அவ்வளவுக்கு வைத்திருக்க மாட்டாள்.

அது 2007ஆம் வருடம். அந்த முறை குளிர்காலம் வருவேன் வருவேன் என்று சொல்லி ஏமாற்றியது. மார்கழியில் நத்தாருக்கும் மலையில் புல் பச்சையாகவே நின்றது. தை கடைசியில் ஒருதரம் பனி கொட்டியது. இப்போது மாசி, அதுவும் கரைந்து சேறாகிக்கொண்டிருந்தது. பனிச்சறுக்கு லிஃப்ட் வைத்துப் பிழைக்கிற ஹெர் ரொம்பாக் என்பவரின் நிலையத்தில்தான் அவர்கள் இப்போது நின்றார்கள்.

செத்துக் கிடந்தது அவருடைய புத்தம்புது ஸ்னோமொபில். முன்னால் சறுக்குக் கட்டைகள் இரண்டு, பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பனியில் முதல் முதல் இறக்கிய அன்றே ஏற்றத்தில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. விற்ற கடைக்காரர் வந்து திறந்து பார்த்தார். "எஞ்சினைப் பழக்கியவன் முதல் டாங்கில் எண்ணெய் சரியாகக் கலக்கவில்லை. உத்தரவாதம் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார். பழக்கியவர் அலோசியஸ், நிலையத்தின் மெக்கானிக். ரொம்பாக் வேலை நீக்கக் கடிதத்தை அடித்து மேசையில் வைத்துவிட்டார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அலோசியஸும் மனைவி பிளோறன்ஸும் மகள் மெலனியும் வருடக்கணக்காக டுல்டுங்கில் இருப்பவர்கள். இன்றைக்கு உன்னை நாடு கடத்தவில்லை, நாளைக்கு எப்படியோ தெரியாது என்று சொல்லும் காகிதம் அது. புதிதாக ஒரு வழி திறந்திருந்தது. நிரந்தர வேலை இருக்கிறது என்று காட்டினால் விசா. திங்கட்கிழமை வெளிநாட்டார் அலுவலகத்துக்கு வரச் சொல்லி டெர்மின். அதற்குள் வேலை போனால் விசாவும் இல்லை, வீடும் இல்லை, மெலனிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பிளோறன்ஸ் ஸ்ரனிஸ்லாஸைத் தேடி வந்து அழுதது அதற்காகத்தான்.

"அவர் பிழை விடமாட்டார் அண்ணை. ஆரோ செய்த வேலை. அந்த ஆளைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ," என்று கேட்டிருந்தாள்.

அலோசியஸ் கராஜ் கதவைத் திறந்துவிட்டார். மெலிந்த மனிதர். வைத்தியசாலையில் ஒரு நோயாளி தன்னைப் பார்க்க வந்தவர்களை வரவேற்பதுபோலத் துப்பறிய வந்தவர்களை வரவேற்றார்.

"மெசினை எப்பிடிப் பழக்கினனீங்கள்?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

"சொன்னபடிதான். முதல் டாங்குக்கு பெட்ரோலோட எண்ணெய் கூடுதலாக் கலந்தனான். மெசின் வந்த அண்டைக்கே கலந்து நிரப்பி வைச்சிட்டன். ஸ்னோ விழுந்த பிறகு வெளியில எடுத்தன். முழு அக்சிலேற்றர் குடுக்கேல்ல. ஒரே வேகத்திலயும் ஓடேல்ல. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு, நிப்பாட்டி ஆற விட்டு..."

"புதுப் பொம்பிளையை மாமி வீட்டில விட்ட மாதிரி," என்றாள் கொறற்றி.

"அதைவிடப் பக்குவமாய்," என்றார் அலோசியஸ், சிரிக்காமல்.

"ஸ்னோ விழ முதல் ஏன் ஓடிப் பாக்கேல்ல?"

"ஐயோ, ஏலாது! உந்த எஞ்சினுக்கு ஸ்னோதான் தண்ணி. பட்டி சுத்தேக்க அடியில அள்ளி எறியிற ஸ்னோவிலதான் சூடு ஆறும். புல்லிலயும் தார் ரோட்டிலயும் ஓட்டினால் உள்ளுக்க வெந்துபோகும். வெளியில தெரியாது. பிறகொரு நாளைக்கு ஏற்றத்தில காட்டும்."

"ஆரும் ஓட்டியிருப்பினமோ?"

அலோசியஸ் நிலத்தைப் பார்த்தார். "ஹெர் ரொம்பாக்கின்ர மேசை லாச்சியிலதான் மெசின்ர திறப்பு இருக்கிறது. ஸ்னோ விழுமட்டும் ஒருத்தரும் தொடேல்ல எண்டு அவரே சொல்லுறார். டாங்கும் நான் நிரப்பின மாதிரி நிறைஞ்சுதான் கிடந்தது. விடுங்கோ அண்ணை. இது என்ர பிழைதான்."

தன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடம் விடுங்கோ என்று சொல்கிறவர்களை ஸ்ரனிஸ்லாஸ் நிறையப் பார்த்திருக்கிறார். ஒன்று, அவர்கள் எதையோ மறைப்பார்கள். இல்லாவிட்டால் மிகவும் களைத்திருப்பார்கள். இந்த மனிதரைப் பார்த்தால் இரண்டும் இருக்கும்போலத் தெரிந்தது. அவருக்கு அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது.

கொறற்றி இதற்குள் தரையில் குந்திவிட்டாள். ஸ்னோமொபிலின் பட்டிக்கு முன்னால் சீமெந்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. தேநீர்க் கோப்பையின் அடியளவு. சுற்றிவரச் சீமெந்து வழவழவென்று இருக்க, அந்த இடம் மட்டும் சொரசொரத்தது.

"அண்ணை, இது எண்ணெய் இல்ல. புளி. புளி சீமெந்தைத் தின்னும். பல் டாக்டரின்ர மாபிளில ஒருத்தர் தேசிக்காய்த் தண்ணியை ஊத்திப்போட்டுப் போக, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." நகத்தால் சுரண்டினாள். வெடிப்புக்குள்ளிருந்து சப்பையான ஒரு விதை வந்தது. "சுவார்ஸ்வால்ட் கராஜுக்குள்ள தேசிக்காய்! மெசினுக்குத் தடிமன் காய்ச்சலோ அலோசியஸ் அண்ணை?"

அலோசியஸின் முகம் கறுத்தது. வெளியே யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"பாதருக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

"குருவானவரிட்ட நான் என்ர பாவத்தையே சொல்லுறேல்ல. உங்கடதைச் சொல்லப் போறனோ?" என்றாள் கொறற்றி.

விசயம் மெல்ல மெல்ல வந்தது. அலோசியஸ் மன்னாரில் லொறி ஓடியவர். லொறி முதலாளி சைவம். புது வண்டி என்றால் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் நகர்த்த விடுவார். அலோசியஸ் வேதக்காரர்தான், மடுமாதா படத்தைச் சட்டைப்பையில் கொண்டு திரிகிறவர்தான். ஆனாலும் கை பழகிவிட்டது. ஸ்னோமொபில் வந்த அன்றே பட்டிக்கு முன்னால் ஒரு தேசிக்காயை வைத்துவிட்டார். பனி விழுந்து வெளியே எடுக்கிற அன்று அது நசியட்டும் என்று எண்ணம்.

"பனி விழுந்த அண்டைக்கு வந்து பாக்கிறன், தேசிக்காய் ஏற்கெனவே நசிஞ்சு, காய்ஞ்சு, நிலத்தோட ஒட்டிக் கிடக்கு. எனக்கு நெஞ்சு திக்கெண்டது. எடுத்து எறிஞ்சு, நிலத்தைக் கழுவிப்போட்டு, கராஜ் வாசலில ஸ்னோவுக்கு மேல புதுசொண்டு வைச்சு அதுக்கு மேலால ஏத்தினன்."

"அது?"

"அது நசியேல்ல." அலோசியஸின் குரல் உடைந்தது. "அப்பிடியே உள்ளுக்கு இறங்கிப் போச்சு. மாதாவை நம்பாமல் தேசிக்காயை நம்பினதுக்குத் தண்டனை எண்டு அப்பவே விளங்கிச்சு. அண்டைக்கே மெசின் நிண்டிது. பிறகு நான் ஆரைக் குற்றம் சொல்லுறது?"

ஸ்ரனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கில்லை. யோசிக்கிறபோது அவர் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். தனக்குச் சாதகமான ஒரே சாட்சியைத் தன் கையாலேயே கழுவித் துடைத்துவிட்டு, அதன் இடத்தில் புதிதொன்றை வைத்து, அது நசியவில்லை என்று தன்னையே தண்டித்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் எதைச் சொல்வது?

"கொறற்றி, வாசலில தோண்டு."

"நானோ?"

"எனக்கு இடுப்பு ஏலாது."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். கரைந்துகொண்டிருந்த பனிச்சேற்றைக் காலால் கிளறி, பிறகு கையால் கிளறி, கடைசியில் ஒரு தேசிக்காயைத் தூக்கிக் காட்டினாள். தோல் சுருங்கியிருந்தது. ஆனால் முழுசாக இருந்தது.

"ஸ்னோவில தேசிக்காய் நசியாது அலோசியஸ்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "புதையும். அதுக்கு மாதா கோவிக்கத் தேவையில்லை. முதலாவது நசிஞ்சதெண்டால் சீமெந்தில நசிஞ்சது. ஸ்னோ விழ முதலே ஆரோ மெசினை வெளியில எடுத்திருக்கினம். ஒரு தேசிக்காய் எண்டால் நீங்கள் சொல்லுறதை நாங்கள் நம்ப வேணும். ஒரு மெசினுக்கு ஆராவது ரண்டு தேசிக்காய் வைப்பினமோ? அதுதான் சாட்சி."

அலோசியஸ் அந்தச் சுருங்கிய தேசிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனால் டாங் நிறைஞ்சிருந்ததே அண்ணை," என்றார் மெல்ல.

அதுதான் ஸ்ரனிஸ்லாஸுக்கும் உதைத்தது. ஓடிய வண்டியின் டாங் எப்படி நிறைந்திருக்கும்? அவர் ஸ்னோமொபிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கொறற்றி சீற்றில் ஏறி உட்கார்ந்து, தையல் இடுக்குகளைப் பேன் பார்ப்பதுபோல விரலால் தடவிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். நகத்தின் நுனியில் ஒரு சிவப்புக் கல். பின்பக்கத்தில் காய்ந்த பசை.

"நெற்றிச்சுட்டிக் கல்லு," என்றாள். பகிடி விடுகிற குரல் இல்லை அது. "புஷ்பராணி அக்காவின்ர வாடகை நகை. பொம்பிளைப் பிள்ளையள் பெரியபிள்ளை ஆகிற சாமத்திய வீட்டுக்கு அவ குடுக்கிற செட். நானும் போட்டிருக்கிறன். எனக்கு அதில ரண்டு கல்லு கழண்டு விழுந்தது."

"போட்டது ஆரெண்டு கேள்."

கொறற்றி கராஜுக்கு வெளியே நின்று ஹாண்டி போனில் கதைத்தாள். மேலே அலுவலக யன்னலில் ஒரு பச்சைத் தொப்பி தெரிந்து மறைந்தது. ரொம்பாக் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆர் போட்டதெண்டு அக்காவுக்குத் தெரியாதாம்," என்று திரும்பி வந்தாள் கொறற்றி. "மார்கழியில வீடியோக்கார ஆனந்தராசா வாங்கிக்கொண்டு போனவராம். திருப்பிக் குடுக்கேக்க ஒரு கல்லைக் காணேல்லையாம். இண்டைக்கும் அதைச் சொல்லித்தான் அவரைத் திட்டுறா."

ஸ்ரனிஸ்லாஸ் பெருமூச்சு விட்டார். ஆனந்தராசாவின் கடை ஸ்டுட்கார்ட்டில். வந்த வழியெல்லாம் திரும்பிப் போக வேண்டும்.

*

ஆனந்தராசாவின் ஸ்டூடியோ ஒரு நிலவறை. சுவர் முழுக்கப் பெண்பிள்ளைகள் தாமரைக்குள் இருந்தார்கள், சிப்பிக்குள் இருந்தார்கள், ஒருத்தி நிலாவின் நுனியில் கால் தொங்கப்போட்டிருந்தாள். புலம்பெயர்ந்த நாட்டில் சாமத்திய வீடு என்றால் சடங்கை விட அல்பம் பெரிது. குதிரையில் வந்த பிள்ளை, ஹெலிகொப்டரில் இறங்கிய பிள்ளை என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்த காலம் அது.

"ஸ்னோமொபிலோ?" ஆனந்தராசாவின் முகம் பூத்தது. "அண்ணை, அது முழுக்க என்ர ஐடியா! ஐரோப்பாவிலேயே ஒருத்தரும் செய்யேல்ல. ஆனால் உங்களுக்கு ஆர் சொன்னது? தாய்க்காரி ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் எண்டவ."

"எங்களுக்குத் தேசிக்காய் சொன்னது," என்றாள் கொறற்றி. "போடுங்கோ பாப்பம்."

தொலைக்காட்சியில் பச்சைப் புல்வெளி விரிந்தது. ஒரு துளி பனி இல்லை. திரையின் நடுவில் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பியது. கிளம்பிக்கொண்டே இருந்தது. அதற்குள்ளிருந்து, மேகத்தைக் கிழித்துக்கொண்டு, அரக்குச் சேலையும் ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியுமாக ஸ்னோமொபிலில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். பின்னால் வீணை வாசித்தது. மூலையில் பூக்கள் கொட்டின.

"புகை மெசின் வாடகைக்கு எடுக்க இருந்தனான். இந்த வண்டியே என்ன வடிவாப் புகைக்குது பாருங்கோ!" என்றார் ஆனந்தராசா.

ஸ்ரனிஸ்லாஸ் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். எண்பதுகளில் அகதியாகக் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கிய நாள் அவர் மூக்கில் ஏறிய முதல் ஜேர்மன் மணம் ட்ரபாண்ட் காரின் புகைதான். அதுவும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயைக் குடித்துவிட்டு நீலமாகத் துப்புகிற சாதி.

"எண்ணெய் கலக்காத எஞ்சின் இப்பிடிப் புகைக்குமோ கொறற்றி?"

"புகைக்காது. அலோசியஸ் அண்ணை கலந்திருக்கிறார். நல்லாவே கலந்திருக்கிறார்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணை, பிள்ளையைப் பாத்தியளோ? அது அலோசியஸ் அண்ணையின்ர மகள் மெலனி."

அப்போதுதான் கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. இரண்டு நாளைக்கு முன்னர் ஸ்ரனிஸ்லாஸின் அறையில் அழுத அதே குரல். இதில் அது சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கா வரச் சொல்லுங்கோ தம்பி! கொஞ்சம் வேகமா! இன்னொருக்கா!"

கிணறு வெட்டப் பூதம் வந்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம். கிணறு வெட்டக் கூப்பிட்டவளே பூதமாக வருவது ஸ்ரனிஸ்லாஸுக்கும் புதிது. இந்த வழக்கை இதோடு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

"ஓட்டுறது ஆர்?" என்று கேட்டாள் கொறற்றி. மெலனிக்கு முன்னால் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஆரோ ஒரு வெள்ளைக்காரர். முகம் வந்த துண்டையெல்லாம் வெட்டிப்போட்டன். ஆனால் ஒரு இடத்தில அந்தாள் நல்லாச் சிரிச்சவர், அதை மட்டும் இதயத்துக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன். எறியிறதுக்கு மனம் வரேல்ல."

ஆனந்தராசா நாடாவை ஓட்டினார். திரையில் ஒரு சிவப்பு இதயம் சுழன்று வந்தது. இதயத்துக்குள் பச்சைத் தொப்பியும் நரைமீசையுமாக ஹெர் ரொம்பாக் கண் சிமிட்டினார். பிறகு குனிந்து, ஒரு சிவப்புப் பெட்ரோல் கானிலிருந்து ஸ்னோமொபிலின் டாங்கை நிரப்பினார். நிரப்பி முடித்துவிட்டு உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். சுற்றிவர ரோசாப்பூ கொட்டியது.

"டாங் நிறைஞ்சது இப்பிடித்தான்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நல்ல மனுசன். எடுத்ததைத் திருப்பி வைச்சிருக்கிறார். வெறும் பெட்ரோலை."

*

பிளோறன்ஸ் கதவைத் திறந்தாள். அவர்கள் கையில் இருந்த வீடியோ நாடாவைக் கண்டதும் அப்படியே சுவரோடு சாய்ந்தாள்.

"நான்தான் கேட்டனான் அண்ணை," என்றாள். "இவர் சொல்லிப்போட்டார், விசா வரட்டும், அதுக்குப் பிறகு பிள்ளைக்குச் சாமத்திய வீடு செய்யலாம் எண்டு. விசா எப்ப வாறது? வராமலே அனுப்பிப் போட்டாங்களெண்டால்? பிள்ளை ராணி மாதிரி இருந்த ஒரு நாளாவது படத்தில இருக்கட்டும் எண்டு நினைச்சன். ஹெர் ரொம்பாக்கின்ர விடுமுறை அறையள் நான்தானே துடைக்கிறன், அவரைக் கேட்டன். அவருக்கும் நல்ல புளுகம், சந்தோசமா ஓமெண்டார். அலோசியஸ் வக்கீலிட்டப் போன அண்டைக்கு எடுத்தம். ஸ்னோ விழ முதல் மெசினைத் தொட்டால் அவன் என்னைக் கொல்லுவான், சொல்லிப்போடாதே எண்டு பகிடியாச் சொன்னார்."

"புல்லில ஓட்டினால் எஞ்சின் போகும் எண்டு தெரியாதோ?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

"சத்தியமாத் தெரியாது. அண்டைக்கு ஓடிச்சுதானே? நிண்டது பிறகுதானே?" அவள் குரல் தாழ்ந்தது. "ஆர் செய்ததெண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு உங்களைக் கேட்டனே. கண்டுபிடிச்சுப் போட்டியள்."

கொறற்றி போய் பிளோறன்ஸின் கோட்டை எடுத்துவந்து தோளில் போட்டாள்.

"வெளிக்கிடுங்கோ அக்கா. உந்த நாடாவை அவருக்குக் காட்டத்தான் வேணும்."

"அலோசியஸுக்கோ?"

"அலோசியஸ் அண்ணைக்கும்."

*

ரொம்பாக்கின் அலுவலகத்தில் ஒரு பழைய தொலைக்காட்சி இருந்தது. கொறற்றி ஆனந்தராசாவிடம் இரவல் வாங்கிய கமராவை அதில் பொருத்தினாள். ரொம்பாக் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் முன்னால் கையெழுத்து இல்லாத அந்தக் கடிதம். அலோசியஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பிளோறன்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

படம் ஓடியது. புல், புகை, வீணை. ரொம்பாக்கின் மீசை முதலில் கொஞ்சம் சிரித்தது. இதயம் சுழன்று வந்ததும் சிரிப்பு நின்றது. சிவப்புக் கான் வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் பெட்ரோலைத் திருப்பி நிரப்பிவிட்டேனே," என்றார் ஜேர்மனில், மெதுவாக.

"நிரப்பினீர்கள்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ், அவரும் ஜேர்மனில். "அவர் கலந்து வைத்த எண்ணெயைப் புல்லில் எரித்துவிட்டு, எண்ணெய் இல்லாத பெட்ரோலை நிரப்பினீர்கள். கடைக்காரர் சொன்னது உண்மை, எண்ணெய் போதவில்லை. ஆள்தான் மாறிப்போயிற்று."

ரொம்பாக்கின் கழுத்து சிவந்தது. "கொஞ்ச நேரம்தான் ஓட்டினேன். அதனால் என்று நான் நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன்." நிறுத்தினார். "நினைத்தபோது காப்புறுதிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், யார் பிழை என்று. தொழிலாளியின் பிழை என்றால் தருவார்கள். முதலாளியின் விளையாட்டுக்குத் தரமாட்டார்கள். இந்த வருடம் பனியே இல்லை. லிஃப்ட் சுற்றவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஸ்ரனிஸ்லாஸுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புத்தான். ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கிடைத்ததோ பயந்துபோன ஒரு கிழவன்.

"அலோசியஸ், நீங்கள் ஏதும் சொல்லுங்கோ," என்றார்.

அலோசியஸ் முதலாளியைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. திரைக்கு மிக அருகில் போய், குனிந்து, விரலால் தொட்டார்.

"நீலப் புகை," என்றார். "பாருங்கோ அண்ணை. நீலமாத்தான் வருது. நான் கலந்தது சரி. நான் பிழை விடேல்ல."

அதையே இன்னொருமுறையும் சொன்னார். அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல் அது. ஸ்ரனிஸ்லாஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரொம்பாக் கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்தார். மடித்ததைக் கிழித்தார். பிறகு லாச்சியைத் திறந்து, வெளிநாட்டார் அலுவலகத்துக்குக் கொடுக்க பிளோறன்ஸ் முன்பே கொண்டுவந்து வைத்திருந்த வேலைச் சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தார். பேனா அதன்மேல் நின்றது.

"ஆனால் அவனுக்குக் கொடுக்க என்னிடம் என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டார். தப்பித்துக்கொள்ளக் கேட்ட கேள்வியில்லை. "பனி இல்லை. மெசினும் இல்லை."

"எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் போடுவீர்களா?" என்று கேட்டாள் கொறற்றி.

"போடத்தான் வேண்டும். என் கையிலிருந்துதான். காப்புறுதிக்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணி உண்மையைச் சொல்லப் போகிறேன்."

"அலோசியஸ் அண்ணை, புதுப் பிஸ்டன் போட்டால் என்ன செய்ய வேணும்?"

அலோசியஸ் திரையிலிருந்து திரும்பினார். முதன்முறையாக அந்த முகத்தில் ஒரு மெக்கானிக்கின் களை வந்தது.

"திரும்ப முதலில இருந்து பழக்க வேணும். புது எஞ்சின் மாதிரித்தான். முதல் டாங்குக்கு எண்ணெய் கூட. முழு அக்சிலேற்றர் இல்ல. அவசரப்பட ஏலாது. அதுக்கு நல்ல ஸ்னோ வேணும்."

கொறற்றி அதை அப்படியே ஜேர்மனில் ரொம்பாக்கிடம் சொன்னாள். "நல்ல பனி அடுத்த குளிர்காலம்தான் வரும், ஹெர் ரொம்பாக். அதுவரைக்கும் இந்த மனிதரை நீங்கள் வைத்திருக்கத்தான் வேண்டும். உங்களை நம்பி இன்னொரு எஞ்சினை விட முடியாது."

ரொம்பாக்கின் மீசை ஆடியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நிரந்தரம்" என்ற இடத்தில் குறியிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஈரப்படுத்திக் குத்தினார். பிறகு லாச்சிக்குள் கைவிட்டு, ஸ்னோமொபிலின் திறப்பையும் எடுத்துச் சான்றிதழுக்கு மேல் வைத்து அலோசியஸின் பக்கம் தள்ளினார். "இது உன்னிடமே இருக்கட்டும், அலோய்ஸ்," என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்கள் அப்படித்தான் எதையாவது தள்ளுவார்கள்.

அலோசியஸ் இரண்டையும் எடுத்தார். திறப்பைப் பையில் போட்டார். சான்றிதழை மடுமாதா படத்துக்குப் பக்கத்தில் செருகினார். பிளோறன்ஸ் வாசலிலேயே நின்று விம்மிக்கொண்டிருந்தாள். அவளிடம் போகப் போகிறார், ஏதோ கேட்கப் போகிறார் என்று ஸ்ரனிஸ்லாஸ் நினைத்தார். இந்த இடத்தில் நிற்காமல் நழுவிவிடுவது நல்லது என்று கொறற்றிக்குக் கண்ணைக் காட்டினார்.

கொறற்றி கமராவின் வயரைக் கழற்றக் குனிந்தாள்.

"கழட்டாதேங்கோ தங்கச்சி," என்றார் அலோசியஸ்.

அவர் ஒரு கதிரையை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டார். இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து, "இஞ்ச வா," என்றார். பிளோறன்ஸ் வந்து உட்கார்ந்தாள்.

"முதலில இருந்து போடுங்கோ," என்றார் கொறற்றியிடம். "அப்ப நான் புகையைத்தான் பாத்தனான். பிள்ளையைப் பாக்கேல்ல."